7 ஏக்கர் சீமைக்கருவேலம்: டிராக்டரில் மாட்டும் பழைய சிப்பர் வாங்கலாமா?

திருச்சுழி ரோட்டுப் புஞ்சை:

எல்லாருக்கும் வணக்கம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல எங்களுக்கு 7 ஏக்கர் கரிசல் புஞ்சை இருக்கு. அப்பா நடமாட்டமா இருந்தவரைக்கும் பருத்தியும் மல்லியும் போட்டோம். அவருக்கு முடியாமப் போன பிறகு 11 வருஷமா ஏர் படல. நான் திருப்பூர் வேலையை விட்டுட்டுப் போன தையில ஊருக்கே திரும்பிட்டேன். புஞ்சைக்குப் போய்ப் பாத்தா வரப்பு எது, வண்டிப்பாதை எதுன்னு அடையாளமே தெரியல. முழுக்கச் சீமைக்கருவேலம். சுண்டுவிரல் தண்டியில இருந்து தொடை தண்டி வரைக்கும் நிக்குது.

2017ல ஐகோர்ட் மதுரைக் கிளை கருவேலத்தை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்போ எங்க புஞ்சையிலயும் வெட்டினாங்க. ஆனா தரையோட அறுத்துட்டுப் போயிட்டாங்க. தூரைத் தோண்டல. அடுத்த மழைக்கே ஒரு தூருக்கு ஏழெட்டுக் கிளை வெடிச்சு முன்னைவிட அடர்த்தி ஆயிடுச்சு. இந்தத் தடவை அப்படி விடக்கூடாதுன்னு இருக்கேன்.

சோதனைக்கு ஒரு ஏக்கர் வெட்டிப் பாத்தேன். முள்ளுக்கிளை மட்டுமே ஓட்டு வீட்டு உயரத்துக்குக் குவிஞ்சு கிடக்கு. ஆள் வச்சு அள்ளவும் முடியல, தீ வைக்கவும் வழியில்ல. ரெண்டு புஞ்சை தள்ளிப் பட்டாசு ஷெட்டு இருக்கு, அங்க 30 பேர் வேலை பாக்கிறாங்க. ஒரு பொறி பறந்தாலும் என்ன ஆகும்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதனால கிளையைத் தூளாக்குற சிப்பர் தேடினேன். தாராபுரம் பக்கம் ஒரு தோப்புக்காரர் பழைய மெஷின் விக்கிறார். டிராக்டர் பிடிஓவுல (எஞ்சின் சுத்தைப் பின்னால மாட்டுற மெஷினுக்குக் கொடுக்கிற தண்டு) ஓடுறது, டிஸ்க் டைப், அதாவது சுத்துற வட்டத் தட்டுல பிளேடு மாட்டினது, நாலு பிளேடு, நாலு வருஷம் ஓடினது. 6 இஞ்ச் கிளை வரைக்கும் தின்னும்னு சொல்றார். 1,15,000 கேக்கிறார், பேசினா கொஞ்சம் இறங்குவார். எங்கிட்ட இருக்கிறது மகிந்திரா 475, 2013 மாடல். ஆடு வித்த காசு 90,000 கையில இருக்கு. மீதிக்கு வீட்டுக்காரம்மா வளையலை வைக்கணும்.

வாங்கலாமா? போய்ப் பாக்கும்போது எதை எதைப் பாக்கணும்? நிலத்துல கொடுக்காப்புளியும் சீத்தாவும் வைக்கப் போறேன். இந்தத் தூளைக் கன்னுக்கு மூடாக்காப் போடலாமா?

உடுமலைத் தோப்பு:

வணக்கமுங்க. நானும் இதே மாதிரி ஒரு மெஷின் வெச்சிருக்கறனுங்க, தென்னை மட்டைக்கு. மரத்துக்கு மாசம் ஒரு மட்டை, ஏக்கருக்கு 70 மரம், அப்ப ஏக்கருக்கு மட்டுமே வருசம் 840 மட்டை விழுகுது. குமிச்சுப் போட்டு மக்க விட்டா காண்டாமிருக வண்டு அதுக்குள்ள முட்டை வெச்சுரும். அதனால எங்களுக்கு இது வருசம் முழுக்க வேலை இருக்கற மெஷின்.

உங்களுக்கு ரெண்டு விசயம் சொல்லோணும். முதல்ல அது நெஜமாவே சிப்பர்தானான்னு பாருங்க. எங்க பக்கம் சுத்தியல் மாதிரி தொங்குற கம்பி அடிச்சு நொறுக்கற மெஷினையும் சிப்பர்னுதான் சொல்லுவாங்க. மட்டைக்கு அது நல்லாருக்கும், கருவேலங் கட்டைக்கு ஆகாதுங்க. டிராக்டர் பின்னால மாட்டிக் காட்டுக்குள்ள ஓட்டிட்டே போற மல்ச்சரும் வேற. அது நிக்கற செடியை அடிக்கும். சிப்பர் நின்ன எடத்துல நிக்கும், நீங்கதான் கொண்டு வந்து ஊட்டோணும்.

ரெண்டாவது, தோப்புல ஓடின மெஷின்னா டிஸ்க்குக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாருங்க. மட்டை நார் சாஃப்ட்டுல கயிறு மாதிரி சுத்திப் பேரிங் சீலுக்குள்ள போயிருக்கும். எனக்கு அப்படித்தான் ரெண்டு வருசத்துல பேரிங் போச்சு. வெளிய பெயின்ட் புதுசா பளபளன்னு இருந்தாலும் அந்த எடத்தை யாரும் தொடைக்க மாட்டாங்க. அங்க பாத்தா மெஷின் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுருமுங்க.

பட்டறை அண்ணாச்சி, அருப்புக்கோட்டை:

தம்பி, நான் 26 வருஷமா வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். பாலையம்பட்டி பக்கம் எனக்கும் 4 ஏக்கர் இதே கருவேலங்காடாத்தான் கிடந்துச்சு. 2019ல ஒரு பழைய சிப்பர் வாங்கினேன். வாங்கின மூணாம் நாள் நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். அதைக் கேட்டுட்டா, எதைப் பாக்கணும்னு நீங்க கேட்டதுல பாதி உங்களுக்கே விளங்கிடும்.

மத்தியானம் மூணு மணி இருக்கும். கிளை உள்ள போகுது, தூள் குழாய் வழியா வெளிய கொட்டுது, எல்லாம் ஒழுங்காத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு சத்தம் மாறிப்போச்சு. பெரிய வெடிச் சத்தம்னு சொல்ல முடியாது. இட்லிக் கொப்பரைக்குள்ள அம்மிக் குழவியைப் போட்டு உருட்டின மாதிரி இருந்துச்சு. டிராக்டர்கிட்ட நின்ன என் மச்சினன் உடனே பிடிஓ லிவரை எடுத்துட்டான். எடுத்தும் டிஸ்க் நிக்கல. அந்தக் கனத்துக்கு அது பாட்டுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல சுத்திச்சு, சுத்துக்கு ஒரு தடவை டங்கு டங்குன்னு. நாங்க ரெண்டு பேரும் தரையில படுத்துட்டோம். நின்ன பிறகு மூடியைக் கழட்டிப் பாத்தா நாலு பிளேடுல ஒண்ணு இல்ல. மேல்மூடித் தகடு உள்ளயிருந்து அடி வாங்கி, கவுத்து வச்ச தேங்கா மூடி கணக்கா வெளிய புடைச்சிருந்துச்சு. பிளேடு தூள் குழாய் வழியாப் பறந்திருக்கு.

அது ஆடு மேயுற இடம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டே ரெண்டு நாள் தேடினேன். நாப்பது அடி தள்ளி வரப்புச் சரிவுல, மண்ணுக்குள்ள முக்கால் பாகம் சொருகிக் கிடந்துச்சு. முதல் நாள் சாயந்திரம் அதே வரப்புல உக்காந்துதான் பக்கத்துக்காட்டுப் பையன் ஒருத்தன் வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தான். அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைப் பிசையுது.

ஒடிஞ்ச போல்ட்டோட தலை மட்டும் மூடிக்குள்ள கிடந்துச்சு. எடுத்துத் துடைச்சுப் பாத்தேன். வழவழன்னு இருக்கு, ஒரு எண்ணும் இல்ல. பிளேடு போல்ட்டுன்னா தலையில 10.9ன்னோ 12.9ன்னோ அடிச்சிருக்கணும், அது போல்ட்டோட பலத்தைச் சொல்ற எண். எனக்கு வித்தவர் ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா போல்ட்டைப் போட்டு முறுக்கி, மேல பெயின்ட் அடிச்சுக் கொடுத்துட்டார். தினம் போல்ட்டு நட்டோடயே பொழங்குற நான், காசு எண்ணிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிப் பாக்கல. அந்த வருத்தத்துலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அதனால தாராபுரம் போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. ஒரு ஸ்பானர் செட், கடப்பாரை, டார்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசுத் தகடு), சாக்பீஸ் ஒரு டப்பா, கால் லிட்டர் மண்ணெண்ணெய் எடுத்துக்கோங்க. மண்ணெண்ணெய் கிடைக்காட்டி டீசலும் ஆகும். அது எதுக்குன்னு சொல்றேன்.

பிடிஓ சாஃப்ட்டை முழுசாக் கழட்டி, டிராக்டர் சாவியை உங்க சட்டைப் பையில போட்டுட்டு, பிறகு மூடியைத் திறங்க. பிளேடு இறுகி நிக்கிற இடத்துலயும் போல்ட் ஓட்டையைச் சுத்தியும் கம்பி பிரஷ் போட்டுப் பெயின்டை எடுத்துருங்க. மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்க. அப்புறம் காஞ்ச துணியால ஈரமே இல்லாமத் துடைச்சு, சாக்பீஸைப் பொடி பண்ணி மேல தூவுங்க. விரிசல் இருந்தா உள்ள இறங்கின மண்ணெண்ணெய் மெதுவா மேல வந்து, வெள்ளைப் பொடியில தலைமுடி கணக்கா ஒரு கறுப்புக் கோடு விழும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அதுல தெரியும். டிஸ்க்குல அப்படி ஒரு கோடு விழுந்துச்சுன்னா டீ குடிச்சிட்டு ஊருக்குத் திரும்பிருங்க. வெல்டு வச்சுக் குடுக்கிறேன்னு சொன்னாலும் வாங்காதீங்க. சுத்துற டிஸ்க்கை நானே வெல்டு வைக்க மாட்டேன்.

பேரிங்குக்கு டிஸ்க்கைக் கையால மெதுவாச் சுத்திப் பாருங்க. மணல் அரைபடுற மாதிரி கையில உறுத்தினா போச்சுன்னு அர்த்தம். டிஸ்க்குக்கு அடியில கடப்பாரையைக் கொடுத்து லேசா நெம்புங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் மாட்டி, பிடிஓவை நிமிஷத்துக்கு 540 சுத்துல வச்சு வெறுமனே கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. நிப்பாட்டி, டிஸ்க் முழுசா அடங்கின பிறகு பேரிங் கூட்டுல கையை வைங்க. இளஞ்சூடுன்னா சரி. அஞ்சு எண்ணுறதுக்குள்ள கையை எடுக்க வச்சா பேரிங் காசை விலையில கழிக்கணும்.

பிளேடுக்கும், கூட்டுல அசையாம நிக்கிற எதிர்ப் பிளேடுக்கும் நடுவுல ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லி இடைவெளிதான் இருக்கணும். நாலு பிளேடுக்கும் ஒரே அளவா வருதான்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. எதிர்ப் பிளேடு முனை மழுங்கி உருண்டு போயிருந்தா எத்தனை தடவை சாணை பிடிச்சாலும் கிளை வெட்டுப்படாது, நாரா நசுங்கித்தான் வெளிய வரும்.

பிடிஓ சாஃப்ட்டுல ஒரு ஷியர் போல்ட் இருக்கும். டிஸ்க் எதுலயாவது சிக்கினா சாஃப்ட்டும் டிராக்டர் கியரும் போகாம, அந்தப் போல்ட் தன்னை ஒடிச்சுக்கிட்டுக் காப்பாத்தும். அடிக்கடி ஒடியுதேன்னு அலுத்துப்போய் அந்த இடத்துல கெட்டிப் போல்ட் போட்டு வச்சிருப்பாங்க. இப்ப நான் சொன்னதைக் குழப்பிக்காதீங்க. பிளேடுல கெட்டிப் போல்ட்தான் இருக்கணும், ஷியர் போல்ட் இருக்கிற இடத்துல கம்பெனி சொன்ன இளசுதான் இருக்கணும். ரெண்டும் இடம் மாறி இருக்கிற மெஷினை நான் பட்டறையில நிறையப் பாத்திருக்கேன்.

கிளை போடுற வாய்க்கூட்டை முக்கியமாப் பாருங்க. குனிஞ்சு தோள் வரைக்கும் கையை விட்டாலும் விரல் டிஸ்க்கைத் தொடக் கூடாது, அவ்வளவு நீளம் வேணும். கிளையைத் தள்ள வசதியா இருக்கும்னு சில பேர் அதை ஒரு அடி வெட்டிக் குட்டையாக்கி வச்சிருப்பாங்க. விளிம்புல பழைய வெல்டு மார்க்கும் புதுப் பெயின்டும் இருந்தா சந்தேகப்படுங்க. கருவேலங்கிளை நேரா இருக்காது. கோணலா, கொக்கி கணக்கா, நாலு பக்கமும் முள்ளோட இருக்கும். டிஸ்க் அதை இழுக்கும்போது முள்ளு உங்க சட்டைக் கையில மாட்டினா கிளை போற வேகத்துலதான் நீங்களும் போவீங்க. பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்துன்னா நொடிக்கு 9 சுத்து. தோள்ல போட்ட துண்டு முனை சாஃப்ட்டுல சிக்கினது உங்களுக்குத் தெரியுறதுக்குள்ள முழுத்துண்டும் சுத்தி முடிஞ்சிருக்கும். வேட்டி, கைலி, தோள்ல துண்டு, தொளதொளன்னு முழுக்கைச் சட்டை எதுவும் வேண்டாம். சாஃப்ட் மேல பிளாஸ்டிக் கூடு இல்லாத மெஷினா இருந்தா, வாங்கின அன்னைக்கே கூடு வாங்கி மாட்டிட்டுத்தான் ஓட்டணும்.

6 இஞ்ச் தின்னும்னு சொன்னது முருங்கைக் கட்டைக்கு வேணா சரியா இருக்கும். என் டிராக்டரும் உங்களது மாதிரி 42 எச்.பி. தான். பச்சைக் கருவேலம் 3 இஞ்ச் வரைக்கும் சிரமம் இல்லாமப் போகும். 4 இஞ்ச் போட்டா எஞ்சின் முக்கும். காஞ்சு போச்சுன்னா அது இரும்பு மாதிரி, பிளேடு முனை பொரிஞ்சிரும். வெட்டின ரெண்டு மூணு நாளுக்குள்ள பச்சையாவே போட்டுருங்க. மண் ஒட்டின தூரையும் வேரையும் சிப்பர் பக்கமே கொண்டு போகாதீங்க, ஒரு வேர் போதும், நாலு பிளேடும் மொக்கையாயிரும். பழைய வேலி ஓர மரம்னா உள்ள முள்கம்பி வளர்ந்து மூடியிருக்கும், அதையும் ஒதுக்கிருங்க.

விலைக்கு வர்றேன். எல்லாம் நல்லா இருந்தாலும் லட்சத்தைத் தாண்டாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை வீட்டுல உக்காந்து யோசிங்க. 7 ஏக்கரைச் சுத்தம் பண்றது ஒரு தடவை வேலை. அதுக்கு அப்புறம் மெஷின் சும்மா நிக்கும். பக்கத்துப் புஞ்சைக்காரங்க ரெண்டு மூணு பேர் கூலிக்குக் கூப்பிடுவாங்கன்னு உறுதியா இருந்தா வாங்குங்க. இல்லேன்னா வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல வாடகைக்கு என்ன இருக்குன்னு கேட்டுட்டு வாங்க. புது மெஷினுக்கு மானியமும் அங்கதான். சிறு குறு விவசாயிக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40. 7 ஏக்கரும் உங்க ஒருத்தர் பேர்ல இருந்தா சிறு விவசாயி கணக்குல வராது, அது 5 ஏக்கர் வரைக்கும்தான். பட்டா அம்மா பேர்லயோ வீட்டுக்காரம்மா பேர்லயோ இருந்தா கணக்கு மாறும். மானியப் பட்டியல்ல இந்த மெஷின் இருக்கான்னு கேட்டுட்டு வந்து, பழசை அதோட ஒப்பிட்டுப் பாருங்க. வளையலை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல அரை நாள் போனாப் பரவாயில்ல.

கமுதி மூட்டம்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒண்ணு விட்டுட்டார். மணிக்கட்டுத் தண்டிக்கு மேல இருக்கிற கட்டையை எதுக்குச் சிப்பர்ல போடுறீங்க? அது கரி மூட்டத்துக்குப் போற சரக்கு. எங்க ராமநாதபுரம் பக்கமும் உங்க பக்கமும் வெட்டுக்காரங்க இருக்காங்க, காட்டைப் பாத்து மதிப்புப் போட்டு நிலத்துக்காரருக்குக் காசு கொடுத்துட்டு அவங்களே வெட்டி எடுத்துக்குவாங்க. தூரும் மூட்டத்துக்கு நல்ல கரி கொடுக்கும். பேசும்போதே தூரோட எடுக்கணும்னு பேசிருங்க. மேல்கட்டையை மட்டும் அள்ளிட்டுத் தூரை விட்டுப் போறவங்களுக்கு விடாதீங்க, உங்க 2017 கதைதான் மறுபடியும் நடக்கும். கருவேலம் துளிர்க்கிறது தரைக்குக் கொஞ்சம் கீழ இருக்கிற கழுத்துல இருந்து. அந்தக் கழுத்து வெளிய வந்துருச்சுன்னா அது செத்துச்சு.

முள்ளுச் சிம்பு மட்டும்தான் மிஞ்சும். அதுக்கு வேணும்னா மெஷின் பாருங்க. இன்னொண்ணு, நெத்து தொங்குற மரத்தைத் தூளாக்கி மூடாக்குப் போட்டா நீங்களே விதைச்ச மாதிரி. அந்த விதை லேசுல சாகாது. ஆட்டு வயித்துக்குள்ள போயி புழுக்கையில வந்தே முளைக்கும். நெத்தைத் தனியாப் பொறுக்கிட்டு அப்புறம் அரைங்க.

பட்டறை அண்ணாச்சி, அருப்புக்கோட்டை:

கமுதிக்காரர் சொன்னதுதான் சரி, நானும் பெருங்கட்டையை மூட்டத்துக்குத்தான் கொடுத்தேன். எழுதுற வேகத்துல விட்டுட்டேன்.

மூடாக்கைப் பத்திக் கேட்டதுக்கும் பதில் சொல்லல. போடலாம் தம்பி, ஆனா மண்ணு மேல பரப்பணும், உழுது உள்ள கலக்கக் கூடாது. பச்சை மரத்தூளை மண்ணோட கலந்தா அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கும், கன்னு வெளுத்து மஞ்சளா நிக்கும். நான் எலுமிச்சைக்கு அப்படிப் பண்ணி ஒரு வருஷ வளர்ச்சி போச்சு. தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்க. நம்ம காட்டுல கரையான் அதிகம், தண்டோட ஒட்டிப் போட்டா பட்டைக்கு ஏறிரும். நான் வேப்பம்புண்ணாக்கைக் கலந்து தூவுறேன். அந்தத் தூளுக்குள்ள முள்ளுத் துண்டு நிறைய இருக்கும், ரப்பர் செருப்பைத் தாண்டிக் குத்தும். ஒரு மழை காலம் போனாத்தான் முள்ளு மக்கி மழுங்கும். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.

திருச்சுழி ரோட்டுப் புஞ்சை:

அண்ணாச்சி, தாராபுரம் போயிட்டு வந்துட்டேன். நீங்க சொன்ன சாமான் எல்லாம் ஒரு சாக்குல போட்டுத்தான் கொண்டு போனேன். விக்கிறவர் முதல்ல ஒரு மாதிரி பாத்தார். அப்புறம் அவரே கூட உக்காந்து பிரஷ் போட்டார், நல்ல மனுஷர்.

மண்ணெண்ணெய் சாக்பீஸ் பாத்தேன். டிஸ்க்குல எந்தக் கோடும் விழல, வெள்ளையாவே நின்னுச்சு. பிளேடு போல்ட் தலையைச் சுரண்டினேன், 16 போல்ட்டுலயும் 10.9ன்னு இருக்கு. டிஸ்க்குக்குப் பின்னால உடுமலைக்காரர் சொன்ன மாதிரியே நார், ரெண்டு கை நிறைய அறுத்து எடுத்தோம். டிராக்டர் பக்கத்துப் பேரிங் சரி, அந்தப் பக்கத்துப் பேரிங் லேசா உறுத்துது, ஓட்டி நிப்பாட்டினப்போ கையை வைக்க முடியல. ஷியர் போல்ட்டைக் கழட்டிப் பாத்தா தலையில 12.9 இருக்கு. அவருக்கே தெரியல, முன்னாடி ஓட்டின டிரைவர் மாட்டியிருக்கான். சாஃப்ட் கூடு இல்ல. வாய்க்கூடு வெட்டுப்படாம முழுசா இருக்கு.

ஓடும்போது ஒரு அதிர்வு இருந்துச்சு. சந்தேகத்துல நாலு பிளேடையும் கழட்டிப் பக்கத்து மளிகைக் கடைத் தராசுல வச்சுப் பாத்தேன். ரெண்டு பிளேடு 1,480 கிராம், ரெண்டு பிளேடு 1,410 கிராம். நடுவுல ஒரு ஜோடி மட்டும் மாத்தியிருக்கார் போல. கனமான ரெண்டும் டிஸ்க்குல பக்கத்துப் பக்கத்துலதான் இருந்துச்சு.

இதெல்லாம் சொல்லிப் பேசினதுல 84,000ன்னு முடிஞ்சுது. வளையலைத் தொடாமலே ஆயிடுச்சு. போறதுக்கு முன்னாடி பொறியியல் துறை ஆபீஸ்லயும் கேட்டேன். பட்டா என் பேர்ல 7 ஏக்கரும் இருக்கிறதால எனக்கு 40 சதவீதம்தான் வரும்னாங்க, மானியம் போக என் பங்கே இதைவிட அதிகம். பக்கத்துப் புஞ்சைக்காரங்க மூணு பேர் அவங்க காட்டுக்கும் வரச் சொல்லியிருக்காங்க. அதனாலதான் துணிஞ்சேன். மூட்டக்காரங்ககிட்டயும் தூரோட எடுக்கணும்னு பேசி அட்வான்ஸ் வாங்கியாச்சு.

இப்போ அந்தப் பிளேடை என்ன பண்றது? புதுசா நாலும் வாங்கணுமா?

உடுமலைத் தோப்பு:

நல்ல வெலைங்க. நார் அறுத்தது போக, சீலையும் மாத்திருங்க. பேரிங் மட்டும் மாத்தினா மறுபடியும் அதே கதைதானுங்க.

பட்டறை அண்ணாச்சி, அருப்புக்கோட்டை:

தராசுல வச்சுப் பாத்தீங்க பாருங்க, அது நான் சொல்லாம விட்டது. ரொம்பச் சந்தோஷம் தம்பி.

புதுசு வாங்க வேண்டாம். கனமான ரெண்டையும் எதிரெதிரா மாட்டுங்க, லேசான ரெண்டையும் எதிரெதிரா மாட்டுங்க. எடை சமமாயிரும், அதிர்வு அடங்கிரும். இப்ப இருந்த மாதிரி கனமான ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா நொடிக்கு 9 தடவை பேரிங்கை ஒரு பக்கமா உதைக்கும். அந்தப் பேரிங் போனதுக்கு அதுவும் காரணமா இருக்கும். ஆனா லேசான ஜோடி தேஞ்சதால அகலம் குறைஞ்சிருக்கும். அதைக் கொஞ்சம் முன்னால நகர்த்தி, எதிர்ப் பிளேடுக்கு இடைவெளி நாலுக்கும் ஒண்ணா வர்ற மாதிரி வைங்க. பிளேடுல நீள ஓட்டை இருக்கும், நகரும். நகர்த்தின பிறகும் போல்ட் பிளேடை முழுசாப் பிடிக்குதான்னு பாருங்க, ஓட்டையோட கடைசி முனையில நின்னுச்சுன்னா அந்த ஜோடியை மாத்தித்தான் ஆகணும். சாணைக்குக் கொடுத்தா நாலையும் சேத்துக் கொடுங்க. தண்ணி ஊத்தி ஊத்திப் பிடிக்கச் சொல்லுங்க. முனை நீலம் பாய்ஞ்சா பதம் போச்சுன்னு அர்த்தம்.

கழட்டின 10.9 போல்ட்டை மறுபடி மாட்டாதீங்க. நாலு வருஷம் இழுபட்டது. 16ம் புதுசு, அதே கிரேடு, அதே நீளம் வாங்குங்க. அரை மணி நேரம் ஓட்டி நிப்பாட்டி இன்னொரு தடவை முறுக்கணும். அந்த 12.9 ஷியர் போல்ட்டைத் தூக்கி எறிஞ்சிராதீங்க, யாராவது எடுத்து மறுபடி அங்கேயே மாட்டிருவாங்க. எங்கிட்ட கொடுத்துருங்க.

ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. பேரிங்கும் சீலும் வாங்கி வச்சிட்டுச் சொல்லுங்க, நான் பேரிங்கைக் கழட்டுற புல்லர் எடுத்துக்கிட்டுக் காலையில ஏழு மணிக்கு வந்துர்றேன். வெயில் ஏறுறதுக்குள்ள மாட்டி முதல் கிளையைப் போட்டுப் பாத்துருவோம். அன்னைக்கு ஊட்டுறதுக்கு ஒருத்தர், டிராக்டர் லிவர்கிட்ட ஒருத்தர்னு ரெண்டு ஆள் போதும், வேடிக்கை பாக்க வர்றவங்களை வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் நிக்க வச்சிருங்க. தூள் குழாயைக் காடு பாத்துத் திருப்பி வைங்க, பட்டாசு ஷெட்டுப் பக்கமும் வேண்டாம், வரப்புப் பக்கமும் வேண்டாம்.